பழைய பெட்டி டிவியை ரிப்பேர் செய்யக் கத்துக்கணுமா? முதலில் இதைப் படிங்க!

பைக்காரா மாதிரி மலை ஊரில், உங்க வீட்டுப் பரணில் பழைய பெட்டி டிவி தூங்குதா? சென்னையில் தயாரான சாலிடேர், டயனோரா பிளாக் அண்ட் ஒயிட் செட்டாக இருக்கலாம். 2006 முதல் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவியாகவும் இருக்கலாம். அதைச் சரிசெய்ய நாமே கற்றுக்கொள்ள முடியும். ஆனால்...

பிளக்கைப் பிடுங்கினாலும் ஷாக் அடிக்குமா?

அடிக்கும். பிக்சர் டியூப் கண்ணாடியின் உள்ளேயும் வெளியேயும் மின்கடத்தும் பூச்சு உண்டு. அதனால் டியூபே ஒரு பெரிய கெப்பாசிட்டர். கலர் டிவியில் அதற்குப் போவது 20,000 வோல்ட்டுக்கும் மேல்! ஆஃப் செய்து நாள் கடந்தாலும் மிச்சம் இருக்கலாம். பவர் சப்ளை கெப்பாசிட்டரிலும் தனியாக 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

இதை டிஸ்சார்ஜ் செய்வதுதான் முதல் பாடம். டியூபின் பின்பக்கம் ஓடும் எர்த் கம்பியோடு வயரால் இணைத்த ஸ்க்ரூ டிரைவரை, சிவப்பு அல்லது கறுப்பு ரப்பர் மூடிக்கு அடியில் நுழைப்பார்கள். ஒரு கைதான் வேலை செய்யணும். வீடியோ பார்த்துவிட்டு தனியாக முயற்சிக்க வேண்டாம். அனுபவமுள்ள மெக்கானிக் பக்கத்தில் இருக்கட்டும். டியூபின் கழுத்து மெல்லிய கண்ணாடி, அதில் இடிக்கவே கூடாது.

மலையில் என்ன பிரச்னை?

ஈரம்! பைக்காரா தண்ணீரில் 1932-லேயே மின்சாரம் எடுத்தாங்க. அதே தண்ணீர், காற்றில் ஈரமாக வந்தால் டிவிக்கு எமன். தூசியில் ஈரம் சேர்ந்தால் உயர் மின்னழுத்தம் கசிந்து 'சர்ர்' என்று சத்தம் வரும். அதனால் பரணிலிருந்து இறக்கியதும் ஆன் செய்யாதீங்க. டிஸ்சார்ஜ் செய்து, பிரஷ்ஷால் தூசி தட்டி, சில நாள் உலர விடுங்க. பிறகு 100 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டுச் சோதிக்கணும். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றே எரிந்தால் உள்ளே ஷார்ட்.

நடுவில் ஒரே கிடைக்கோடு தெரிந்தால் வெர்டிகல் பகுதியைப் பாருங்க. பல நேரம் விரிசல் விட்ட ஈயப்பற்றுதான் காரணம், மறுபடி சால்டர் வைத்தாலே போதும்.

எங்கே படிப்பது?

ஐடிஐ-களில் 'ரேடியோ அண்ட் டிவி மெக்கானிக்' தனிப் பிரிவாகவே இருந்தது. இப்போது 2 ஆண்டு எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் படிப்பு. உதிரி பாகங்களுக்கு சென்னை ரிச்சி தெரு.

சரியானாலும் ஆன்டெனாவில் பழையபடி தூர்தர்ஷன் வராது. செட்டாப் பாக்ஸ் வேணும். ஏரியல் சாக்கெட் மட்டும் உள்ள செட்டுக்கு நடுவில் ஆர்.எஃப். மாடுலேட்டரும் தேவை.