ஆமை புகுந்த வீடு

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா” என்பது நம்மவரிடை நெடுங்காலமாய் வழங்கிவரும் பழமொழி. அமீனா புகுந்த வீடு கெடுவதற்குக் காரணம் உண்டு. கடன்பட்டவன் வீட்டுப் பாத்திரம் பண்டங்களை ஜப்தி செய்ய வருபவன் அவன். ஆனால் ஆமை யாருக்கு என்ன கேடு செய்தது? திருமாலின் கூர்மாவதாரம் என்று ஆமையைக் கோயிலிலே கைகூப்பித் தொழும் அதே மனிதன், அது வாயிற்படி ஏறினால் குடி கெடும் என்று அலறுவது விந்தையினும் விந்தையன்றோ?

லோபாக்கிலும் சிரம்பான் நகரிலும் நமக்கு அண்டை வீட்டாராய் வாழும் சீன அன்பர்களுக்கோ ஆமை நீண்ட ஆயுளுக்கும் நற்பேற்றிற்கும் அடையாளம். பினாங்கிலுள்ள கெக் லோக் சி ஆலயத்தில் ஆமைகளுக்கெனவே ஒரு குளம் உண்டு. புண்ணியம் கருதி ஆமைகளை அதில் விடுவதும், அவற்றிற்குக் கீரை ஊட்டுவதும் வழக்கம். ஒரு நம்பிக்கை அச்சத்தில் பிறந்தது. மற்றொன்று ஆசையில் பிறந்தது. ஆமைக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி மட்டும் இரண்டிலும் எழவில்லை.

நம் முன்னோர் ஆமையை அறியாதவரல்லர். புறநானூற்றின் 70-ஆம் பாட்டில் கோவூர் கிழார் கிணைப்பறைக்குக் குளத்து ஆமையை உவமை கூறினார். குறளின் 126-ஆம் பாட்டில் வள்ளுவர் ஐம்பொறிகளை அடக்கும் ஆற்றலுக்கு ஆமையையே எடுத்துக்காட்டினார். கேடு சூழும் பிராணியாயின், அறநூலார் அதனை மனிதனுக்கு வழிகாட்டியாய் நிறுத்தியிருப்பாரோ? வாசகர்களே சிந்திக்கவேண்டும்.

இனி, இன்று நமது கூடங்களை அலங்கரிக்கும் கண்ணாடித் தொட்டியின் வரலாற்றைக் காண்போம். 1829-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து வைத்தியர் நத்தேனியல் வார்டு என்பார், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணிட்டு மூடிய சீசாவில் வைத்திருந்தார். சில நாட்களில் அம்மண்ணில் பெரணிச் செடி தானே முளைத்து, நீர் ஊற்றாமலே தழைத்தது. இதினின்றும் பிறந்ததே ‘வார்டின் பெட்டி’ என்னும் கண்ணாடிப் பெட்டி. 1845-இல் இங்கிலாந்தில் கண்ணாடி வரி நீங்கவே, கண்ணாடி மலிந்தது. 1853-இல் பிலிப் காஸ் என்பாரின் முயற்சி துணைநிற்க, லண்டன் மிருகக்காட்சிசாலையில் நீர்வாழ் உயிர்களுக்கெனத் தனி மாளிகை திறக்கப்பட்டது. 1909-இல் சென்னைக் கடற்கரையிலும் ஒரு மீன்காட்சிசாலை அமைந்தது.

அந்த வார்டின் பெட்டிக்கும் தோட்டத்து மக்களாகிய நமக்கும் ஓர் உறவு உண்டு. பிரேசில் நாட்டிலிருந்து கொணர்ந்த ரப்பர் விதைகள் கியூ தோட்டத்தில் முளைத்தபின், 1876-இல் 1,919 கன்றுகள் 38 வார்டின் பெட்டிகளில் இலங்கைக்கு வந்தன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் சேர்ந்தன. அவற்றின் வழிவந்த மரங்களில் பால் வெட்டவே நம் பாட்டன்மார் கப்பலேறினர். கண்ணாடிப் பெட்டியில் மரம் வந்தது. மரத்தின் பின்னே நாம் வந்தோம்.

நாம் வந்ததுபோலவே கடல்கடந்து வந்தது, கடைகளில் விற்கும் சிவப்புக்காது ஆமை. அதன் தாயகம் வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று நாடு. அங்கே பண்ணைகளில் குஞ்சு பொரித்து விற்றார்கள். குழந்தைகளுக்கு அதனால் சால்மொனெல்லா என்னும் வயிற்று நோய் பரவவே, 4 அங்குலத்திற்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்பதை 1975-இல் அமெரிக்க அரசாங்கம் தடுத்தது. ஆயினும் ஏற்றுமதி நிற்கவில்லை. 1989 முதல் 1997 வரை 5 கோடிக்கு மேற்பட்டவை அயல்நாடுகளுக்குச் சென்றன. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றின் இறக்குமதியைத் தடைசெய்தது. 2023-இல்கூட, கோலாலம்பூரிலிருந்து திருச்சி சென்ற பயணிகளின் பெட்டிகளில் ஆயிரக்கணக்கான ஆமைக்குஞ்சுகள் பிடிபட்டன.

உள்ளங்கையளவு குஞ்சைக் கண்டு மயங்கி வாங்குவோர், அது ஓரடி வரை வளரும் என்பதையும், 20 முதல் 40 ஆண்டுகள் வாழும் என்பதையும் எண்ணுவதில்லை. ஆதலின் கூடத்தில் தொட்டி அமைக்க விரும்புவோர்க்குச் சில கூறுவோம். ஓட்டின் நீளத்தில் அங்குலத்திற்கு ஏறத்தாழ 40 லிட்டர் நீர் வேண்டும். 10 அங்குல ஆமைக்கு 400 லிட்டர். அந்நீரின் எடையே 400 கிலோவாதலின், தாங்கும் மேசை உறுதியாயிருத்தல் வேண்டும். நீரின் ஆழம் ஓட்டின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையலாகாது. ஏறிக் குளிர்காய உலர்ந்த மேடை ஒன்றும், அதன்மேல் வெப்பவிளக்கும், புறஊதாக்கதிர் விளக்கும் வேண்டும். சன்னற் கண்ணாடி அக்கதிரைப் பெரிதும் தடுத்துவிடும். அக்கதிரின்றேல் உடலில் சுண்ணச்சத்து சேராது, ஓடு மென்மையாகிவிடும். நீர் வடிகட்டும் கருவி தொட்டியின் அளவைப்போல் இருமடங்கு நீருக்கு ஏற்றதாயிருத்தல் நன்று. விழுங்கக்கூடிய சிறுகற்களை நீக்கி, பெரிய ஆற்றுக்கற்களையும் மரக்கட்டைகளையும் இட்டால் அழகும் குன்றாது, தீங்கும் நேராது. தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுதலைப் பிள்ளைகளுக்குக் கட்டாயமாகப் பழக்கவேண்டும்.

இவையெல்லாம் இயலாதாயின் வாங்காதிருப்பதே அறம். வாங்கிப் பின் சலித்து ஆற்றில் விடுவது புண்ணியமன்று, பெருந்தீங்கு. உலகின் மிகக்கொடிய 100 அயல்புகு உயிரினங்களின் பட்டியலில் 2000-இல் இவ்வாமையும் சேர்க்கப்பட்டது. அது இந்நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறிக்கவல்லது. நம் நாட்டு ‘துந்தோங்’ ஆற்றாமையோ அருகிவிட்டது. அதனைக் காக்கவென்றே பேராக் ஆற்றங்கரையில் போத்தா கானானில் நிலையம் அமைத்துள்ளனர். தென்னிந்தியாவிற்கும் இலங்கைக்கும் உரிய நட்சத்திர ஆமையும் கள்ளத்தனமாய் இங்குக் கொணரப்படுகிறது. பாதுகாக்கப்பட்ட உயிர்களை உரிமமின்றி வைத்திருப்பது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

ஆமை புகுவதால் எந்த வீடும் கெட்டதில்லை. நாற்பதாண்டு வாழவேண்டிய உயிர் ஓராண்டும் நிறையாமல் அழுக்குநீரில் மடிவதே கேடு. ஆமையால் வீட்டிற்கு நன்மை வருமோ தீமை வருமோ என்று கேட்பதை விடுத்து, நம் வீட்டில் ஆமைக்கு நன்மை உண்டோ என்று கேட்கத் தொடங்குவோமாக.