மணி அடித்த பிறகு

மணலி புதுநகரில் மாலை வேளையில் தெருமுனையில் நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். ஷிஃப்ட் முடிந்தவர்களைக் கம்பெனி பஸ்கள் இறக்கிவிட்டுப் போகும். இறங்கியவர் கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுச் சாவகாசமாக வீட்டை நோக்கி நடப்பார். ஆலை வாசலைத் தாண்டியதும் அவருடைய பொழுது அவருடையதாகி விடுகிறது. மறுநாள் ஷிஃப்ட் வரையில் இயந்திரம் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாது.

எங்கள் தெருவில் ஓர் ஆசிரியை இருக்கிறார். அவரும் மாலையில்தான் பள்ளியிலிருந்து திரும்புகிறார். ஆனால் கையில் ஒரு கட்டு நோட்டுப் புத்தகம், பையில் செல்போன். இரவு ஒன்பது மணிக்கும் அந்தப் போன் சிணுங்கிக் கொண்டிருக்கும். "மிஸ், நாளைக்கு என்ன ஹோம்வொர்க்?" என்று ஒரு தாயார். "மிஸ், என் பையனுக்கு ஏன் ரெண்டு மார்க் குறைஞ்சுது?" என்று ஒரு தகப்பனார். பக்கத்தில் அவருடைய சொந்தப் பெண் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்க்கும். பிறகு நோட்டின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிடும்.

"ராத்திரியில் பதில் சொல்லாமல் விட்டுவிட்டால் என்னம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எப்படி சார் விடறது? டீச்சராச்சே!" என்றார்.

இந்த 'ஆச்சே' இருக்கிறதே, இதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

1822-ல் சென்னைக் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, ராஜதானியில் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன என்று கணக்கெடுக்கும்படி கலெக்டர்களுக்கு உத்தரவு போட்டார். 1826-ல் அவர் எழுதி வைத்த குறிப்பின்படி, ஏறக்குறைய 1 கோடியே 28 லட்சம் ஜனங்களுக்கு 12,498 பள்ளிகள். அவற்றில் 1,88,650 மாணாக்கர்கள். ஆசிரியர்களின் வருமானம் பொதுவாக மாதம் 6 அல்லது 7 ரூபாய்க்கு மேல் இல்லை என்றும், தகுதியுள்ளவர்களை இத்தொழிலுக்கு இழுக்க அது போதாது என்றும் மன்றோவே ஒப்புக்கொண்டார்.

தமிழ்நாட்டில் அந்தப் பள்ளிகளில் பல திண்ணைப் பள்ளிகள். கிழக்கு வெளுப்பதற்குள் பிள்ளைகள் வந்து பாடத்தை முறை சொல்லத் தொடங்குவார்கள். விளக்கு வைக்கும் வேளையில்தான் கலைவார்கள். பல ஊர்களில் திண்ணை உபாத்தியாயருடைய வீட்டுத் திண்ணைதான். பள்ளிக்கும் குடும்பத்துக்கும் நடுவே ஒரு நிலைப்படிதான் எல்லை. பிள்ளைகள் போனபின் ஊரார் வருவார்கள். கடிதம் எழுதித் தர வேண்டும், பத்திரம் படித்துச் சொல்ல வேண்டும். எழுத்து அறிந்தவராச்சே!

அவருக்கிருந்த ஒரே ஒத்தாசை சட்டாம்பிள்ளை. பெரிய மாணவன் சிறிய மாணவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் இந்த வழக்கத்தை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னையில் கண்டார். 1789 முதல் தாம் மேற்பார்த்து வந்த அநாதைச் சிறுவர் பள்ளியில் அதைக் கையாண்டார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். சீமையில் 'மெட்ராஸ் முறை' பிரசித்தமாயிற்று. ஓர் ஆசிரியரை வைத்துக்கொண்டு எத்தனை பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்பதை உலகம் நம்மிடம் கற்றுக்கொண்டது. அந்த ஓர் ஆசிரியர் எப்போது ஓய்வெடுப்பார் என்று மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி இரண்டு ஆசிரியர்களைப் பார்ப்போம். ஒருவர் குரு, மற்றவர் சீடர்.

குரு, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815-ல் பிறந்து 1876-ல் மறைந்தவர். அவருக்குப் பாடம் சொல்லும் நேரம், சொல்லாத நேரம் என்ற பிரிவே கிடையாது. மடத்திலும் பாடம், வீட்டிலும் பாடம், பிரயாணத்திலும் பாடம். நோயில் படுத்தபோதும் மாணாக்கர்கள் ஏட்டோடு அருகில் இருந்தார்கள். தமிழ் அவரைப் போற்றியது. கடன் மட்டும் அவரைக் கடைசி வரையில் விடவில்லை.

சீடர், உ.வே. சாமிநாதையர். 1880-ல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் தமிழாசிரியராக அமர்ந்தார். குருவுக்கு இல்லாத ஒன்று சீடருக்குக் கிடைத்தது. சம்பளத்தைச் சொல்லவில்லை, கல்லூரி மணியைச் சொல்கிறேன். அந்த மணி அவரை உள்ளே அழைத்தது, வெளியேயும் அனுப்பியது. அதே ஆண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் கேட்ட கேள்வி அவர் மனத்தில் தைத்தது. அதன் பிறகு அவருடைய இரவுகள் ஏட்டுச் சுவடிகளுக்கு உரியவையாயின. விடுமுறை வந்தால் ஊர் ஊராகச் சுவடி தேடிப் புறப்பட்டு விடுவார்.

1887-ல் சீவகசிந்தாமணி வெளிவந்தது. 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. ஒரு கல்லூரி ஆசிரியரின் மாலை நேரமும் கோடை விடுமுறையும் சேர்ந்து தமிழுக்குக் கொடுத்த சீதனம் இது. அந்த மாலைகளில் அவர் சும்மா இருக்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது அவர் தாமாக விரும்பித் தலையில் ஏற்றிக்கொண்ட வேலை. சொந்த நேரம் என்பது சோம்பிக் கிடக்கும் நேரமென்று யார் சொன்னது? என்ன செய்வதென்று நாமே தீர்மானிக்கிற நேரம், அவ்வளவுதான்.

நேரத்துக்காகப் போராடலாம் என்பதை வட சென்னை வெகு காலத்துக்கு முன்பே அறிந்திருந்தது. பெரம்பூர்ப் பக்கத்து பின்னி மில் தொழிலாளிகளின் முதல் குறைகளுள் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதவில்லை என்பது. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர். உடன் நின்று உழைத்தவர் திரு.வி.க. அவர் அதற்குச் சற்று முன்பு வரை ராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியர்! மில் தொழிலாளியின் அரை மணிக்காக ஓர் ஆசிரியர் குரல் கொடுத்தார். ஆசிரியரின் அரை மணிக்காக எந்த மில் தொழிலாளியும் குரல் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் ஆசிரியர்களே வெட்கப்பட்டிருப்பார்களோ, என்னவோ!

1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எல்லை கட்டியது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி என்றது. மணலி ஆலைகள் எழுந்தபோது இந்தச் சட்டம் அங்கே முன்னமே காவல் நின்றது. ஆசிரியருக்கு? கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியை தொடுத்த வழக்கில் 1988-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல. கல்வி புகட்டுவது உன்னதப் பணி. அதை உடலுழைப்போடும் குமாஸ்தா வேலையோடும் சேர்க்க முடியாது. உயரமான பீடந்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பீடத்திலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகும் நேரம் எது?

2007-ல் மற்றொரு தீர்ப்பு. ஆசிரியர்களைத் தேர்தல் வேலைக்கு இழுப்பதால் பிள்ளைகளின் படிப்புக் கெடுகிறது என்ற வழக்கு. பள்ளி நாட்களில் சாதாரணமாக இழுக்கக் கூடாது, விடுமுறை நாட்களில் அந்த வேலையைக் கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. பிள்ளைகளின் பொழுது காப்பாற்றப்பட்டது; நியாயந்தான். அதற்கு ஈடாகக் கொடுக்கப்பட்டதோ ஆசிரியரின் ஞாயிற்றுக்கிழமை. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் கல்வியல்லாத வேலைகளைத் தடுத்துவிட்டு, ஜனத்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் வழி விட்டது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காகத் தமிழ்நாட்டில் வீடு வீடாகப் படிவம் கொண்டு ஏறி இறங்கியவர்களில் ஆசிரியர்களும் உண்டு.

ஆனால் அதே சட்டத்தின் அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது. அதிகம் பேர் பார்ப்பதில்லை. ஆசிரியருக்கு வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேர வேலை; பாடத்துக்குத் தயார் செய்யும் நேரமும் இதில் சேர்த்தி. அதாவது, வீட்டில் விளக்கடியில் மறுநாள் பாடத்துக்குக் குறிப்பெடுப்பதும் வேலைதான் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. கடமை என்றும் தியாகம் என்றும் சொல்லி மறைத்ததை, மணிக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது.

வெளி தேசங்களில் ஓர் அடி முன்னே வைத்திருக்கிறார்கள். வேலை நேரம் முடிந்தபின் ஆபீஸ் செய்திகளுக்குப் பதில் சொல்லாதிருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017 முதலும், ஆஸ்திரேலியா 2024 முதலும் சட்டமாக்கின. நமக்குச் சட்டம் வரும்போது வரட்டும். இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு பெற்றோர் போனைக் கீழே வைப்பதற்குச் சட்டம் எதற்கு?

போன வாரம் இந்தக் கதையையெல்லாம் அந்த ஆசிரியையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவர் மாணவர்களிடம் கேட்டுப் பழகியவர் அல்லவா! கும்பகோணத்து மணியைப் பற்றிச் சொன்னபோது மட்டும் சிரித்தார்.

அன்றிரவு ஒன்பது மணிக்கு அவர் வீட்டுப் பக்கமாக வந்தேன். உள்ளே போன் சிணுங்கியது, ஓய்ந்தது, மறுபடி சிணுங்கியது. யாரும் எடுக்கவில்லை. ஜன்னல் வழியே ஒரு சிறு குரல் மட்டும் கேட்டது: "ஏழெட்டு அம்பத்தாறு... ஏழொம்போது..."

"அறுபத்து மூணு" என்றது அம்மாவின் குரல்.