தீப்பெட்டி ஆபீஸ்

வீட்டிலிருக்கும் தீப்பெட்டியைப் புரட்டிப் பாருங்கள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, குடியாத்தம் என்ற ஊர்களில் ஒன்றின் பெயர் பெரும்பாலும் அதில் அச்சாகியிருக்கும். சிவகாசிப் பக்கம் தீக்குச்சிக்கான மரம் விளைவதில்லை, கேரளத்திலிருந்துதான் வந்தது. அங்கே இருந்ததெல்லாம் வெயிலும், மழை பொய்த்த கரிசலும், வேலை தேடும் கைகளும்தாம்.

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பினர். 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. வியப்பு என்னவென்றால், ஸ்வீடன் நாட்டுப் பெருமுதலாளிகள் இந்தியாவில் விம்கோவை நிறுவியதும் அதே 1923இல்தான். எந்திரமும் பணமும் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஓலைக் கொட்டகை. முடிவு முன்பே தெரிந்த போட்டி என்றே எவரும் நினைத்திருப்பர்.

சிறியவர்கள் எந்திரத்தோடு எந்திரமாக மோதவில்லை. வேலையைத் துண்டு துண்டாக்கினார்கள். பெட்டி ஒட்டுவது வீட்டுத் திண்ணையில், குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவது கொட்டகையில், மருந்தில் முக்குவது தனியிடத்தில். விற்பனை சரிந்தால் சும்மா கிடக்கும் எந்திரம் எதுவும் அவர்களிடம் இல்லை. 1934இல் தீப்பெட்டிக்குத் தீர்வை வந்தது. பிற்காலத்தில் கையால் செய்வோருக்குக் குறைந்த வரி என்ற சலுகை அவர்களைத் தாங்கியது. லேபிள் அச்சிட வந்த அச்சகங்கள் காலண்டருக்கும் நாட்குறிப்புக்கும் வளர்ந்தன. இரண்டாம் உலகப்போரில் இறக்குமதி அற்றபோது பட்டாசு தழைத்தது. நேரு 'குட்டி ஜப்பான்' என்றார் எனச் சொல்லி ஊரார் மகிழ்வதுண்டு.

இந்தப் புகழுரையை நாம் இத்தோடு நிறுத்திவிட முடியாது. வேலையைத் துண்டாக்கிய அதே உத்திதான் குழந்தைகளையும் உள்ளே இழுத்தது. விடியுமுன் கிராமத்துக்கு வந்து சிறுவர் சிறுமியரை 'தீப்பெட்டி ஆபீசு'க்கு ஏற்றிச் சென்ற வண்டிகளைக் கரிசல்காட்டார் மறக்கவில்லை. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில், குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தாக்குப்பிடித்தவர்களின் கணக்கில் அந்தப் பிஞ்சு விரல்களின் பங்கையும் எழுதாத வரலாறு அரைகுறை வரலாறே என்பது நம் எண்ணம்.

அதன்பின் காலம் வேறு திசையில் சுழன்றது. விம்கோவை 2005இல் ஐடிசி வாங்கியது. அதற்குமுன்பே அந்நிறுவனம் சிறு ஆலைகளின் தீப்பெட்டிகளை வாங்கித் தன் பெயரில் விற்கத் தொடங்கியிருந்தது. எதிரி வாடிக்கையாளராக வந்து நின்ற கதை! சிறு ஆலைகளுக்குள்ளும் முக்கும் எந்திரங்கள் புகுந்தன. கைக்கு ஒன்று, எந்திரத்துக்கு ஒன்று என்றிருந்த வரி வேறுபாடும் 2020 ஏப்ரலில் மறைந்து, இருவருக்கும் 12 சதவீதமானது. கையை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அது கடைசிக் கூரையும் பறந்த நாள்.

விலை 2007 முதல் 14 ஆண்டுகள் ஒரு ரூபாயிலேயே நின்றது. சில்லறைக் காசின் உலகில் பத்துப் பைசா ஏற்றவும் வழியில்லை. மருந்து, மெழுகு, அட்டை எல்லாம் ஏறின. 2021 டிசம்பரில் ஆலைக்காரர்கள் கூடிப் பேசி இரண்டு ரூபாயாக்கினர்; 36 குச்சி இருந்த பெட்டியில் 50 வைப்பதாகவும் அறிவித்தனர்.

இதற்கிடையே பத்து ரூபாய் நெகிழி லைட்டர் பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கத் தொடங்கியிருந்தது. இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை 2023 ஜூனில் மத்திய அரசு தடுத்தது. உதிரிபாகங்களாக அவை வரவே, தடையை அவற்றுக்கும் நீட்டிக்கக் கேட்டு மனுக்களோடு மீண்டும் புறப்பட்டார்கள் கோவில்பட்டிக்காரர்கள்.