ஊவா மலைப்பாதையும் உள்ளடைத்த காற்றும்

மனித நாகரிகத்தின் வரலாறு சக்கரத்தின் வரலாறே என்று கூறுவோர் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின், சக்கரம் உருண்ட கதையை எடுத்துரைக்கும் நூல்கள், அஃது உருளாது நின்ற கதையைப் பெரும்பாலும் கூறாது விடுகின்றன. நடுவழியில் வண்டி பழுதுற்றபொழுது பயணி எத்துணைத் தூரம் நடந்தான், எவர் உதவியை எதிர்நோக்கினான் என்பனவும் வரலாற்று வினாக்களே. மலையும் மழையும் வளைவும் நிறைந்த ஊவா மாகாணத்தில் இவ்வினாக்கள் வேறெங்கணும் இல்லாத அழுத்தம் பெறுகின்றன. இன்று பதுளை மாவட்டத்துத் தோட்டப்புற இளைஞர் சிலர் தம் மோட்டார்ச் சைக்கிளில் வைத்துச் செல்லும் சிறிய மின்பம்பு, அவ்வினாக்களுக்குக் காலம் அளித்த விடைகளுள் ஒன்றாகும். அதன் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே ஆண்டில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். 1845ஆம் ஆண்டு யூன் மாதத்தில், பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் ரொஜர்ஸ் என்பார் அப்புத்தளைக் கணவாயில் மின்னல் தாக்கி இறந்தார். யானைகளைக் கொன்று குவித்தவர் என்றே அவரைப் பலர் நினைவுகூர்வர். ஆனால் ஊவாவின் காடுகளூடே பாதைகளை வகுத்தவர்களுள் அவர் முதன்மையானவர் என்பதும் உண்மை. அவர் நினைவாக எழுந்த புனித மாற்கு தேவாலயம் பதுளை நகரில் இன்றும் நிற்கின்றது. அதே ஆண்டு திசெம்பர் மாதத்தில், ரொபேட் வில்லியம் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்துப் பொறியியலாளர், காற்றடைத்த சக்கரத்துக்கு இலண்டனில் ஆக்கவுரிமை பெற்றார். பாதை வகுத்தவர் மறைந்த ஆண்டிலேயே, அப்பாதையில் பிற்காலத்தில் ஓடவிருந்த சக்கரமும் ஏட்டில் பிறந்தது எனலாம்.

தொம்சனின் எண்ணம் காலத்தை முந்தியதாக இருந்தது. 1847இல் இலண்டன் மாநகரத்து ரீஜன்ட் பூங்காவில் அவருடைய சக்கரங்கள் குதிரைவண்டிகளிற் பூட்டிக் காட்டப்பட்டன. எனினும், மெல்லிய இறப்பர் அக்காலத்தில் அரிதாகவும் விலைமிக்கதாகவும் இருந்தமையால் அம்முயற்சி நிலைக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராயிருந்த ஜோன் பொயிட் டன்லொப், தம் மைந்தனின் முச்சக்கர வண்டி கல்பாவிய தெருவில் அதிர்வதைக் கண்டு, காற்றடைத்த குழாய் ஒன்றைச் சக்கரத்திற் சுற்றினார். அதற்குக் காற்றேற்ற அவர் கையாண்டது காற்பந்துப் பம்பு என்பர். 1888இல் அவர் பெற்ற ஆக்கவுரிமை, தொம்சன் முன்னரே அதைக் கண்டிருந்தார் என்னும் காரணத்தாற் பின்னர் செல்லாததாயிற்று. ஆயினும் உலகம் டன்லொப்பின் பெயரையே ஏற்றுக்கொண்டது.

இவ்விடத்தில் நம் நாட்டின் பங்கும் குறிக்கத்தக்கது. 1876இல் என்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த ஏறத்தாழ 70,000 இறப்பர் வித்துக்கள் இலண்டனையடுத்த கியூ பூங்காவில் முளைக்கவைக்கப்பட்டன. அவற்றிற் பிழைத்த கன்றுகளுள் பெரும்பகுதி அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவைச் சார்ந்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நாட்டப்பட்டது. டன்லொப் தம் மைந்தனின் வண்டியை நோக்குவதற்குப் பத்தாண்டுக்கு மேல் முன்னரே, அவர் கண்டுபிடிப்பை உலகெங்கும் பரப்பப்போகும் மரம் இம்மண்ணில் வேரூன்றிவிட்டது. ஊவாவின் தாழ்ந்த சாரல்களிலும், மொனராகலைப் பகுதியிலும் பின்னாளில் இறப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. ஊவாத் தொழிலாளர் ஒரு சாரார் தேயிலைக் கொழுந்து கொய்ய, மற்றொரு சாரார் உலகின் சக்கரங்களுக்குப் பால் வெட்டினர்.

காற்றடைத்த சக்கரம் பெருவசதி தந்தது. கூடவே ஒரு புதிய இடரையும் தந்தது. மரச்சக்கரத்துக்கு முள்ளால் ஊறில்லை. காற்றுச் சக்கரமோ ஓர் ஆணியில் அடங்கிவிடும். டன்லொப்பின் முதல் டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தமையால், அதனைக் கழற்றி ஒட்டுப்போட்டு உலரவைக்கப் பல மணி நேரம் சென்றது. எளிதிற் கழற்றத்தக்க டயரை 1891இல் மிஷலின் சகோதரர் பிரான்சில் வெளியிட்டனர். 1893இல் ஷ்ரேடர் என்பார் பெயரால் வழங்கும் வால்வு அமெரிக்காவில் ஆக்கவுரிமை பெற்றது. அடித்த காற்றை உள்ளே விடுத்து, வெளியேறாது தடுக்கும் அச்சிறு கதவே இன்றும் மோட்டார்ச் சைக்கிளில் உளது. வண்டி நின்ற இடத்திலேயே பழுது பார்க்கலாம் என்னும் எண்ணம், கழற்றத்தக்க டயர், வால்வு, கைப்பம்பு என்னும் மூன்றும் ஒன்றுகூடியபொழுதே கைகூடிற்று. பழைய ஆங்கில மோட்டார்ச் சைக்கிள்கள் பலவற்றின் சட்டத்தில் கைப்பம்பு ஒன்று கொளுவப்பட்டிருந்தமை இதனாலேயே.

ஆனால் ஊவாவின் பாதைகளில் அவ்வண்டியில் அமர்ந்தவர் யாவர்? இவ்வினாவைத் தவிர்த்து இவ்வரலாற்றை எழுதுதல் முறையன்று. மலைநாட்டுப் பாதைகள் முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் துறைமுகம் சேர்வதற்காக அமைந்தன; அவற்றை விளைவித்த மக்களின் போக்குவரத்துக்காக அல்ல. புகையிரதம் 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. அங்கிருந்து பதுளையை எய்த மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன; 1924இலேயே பதுளை புகையிரதத்தைக் கண்டது. இடைப்பட்ட காலத்தில் வண்டிப்பாதையே உயிர்நாடி. அப்பாதையில் துரை குதிரையிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் சென்றார், சின்னத்துரை மோட்டார்ச் சைக்கிளிற் சென்றார், தொழிலாளி நடந்தான். கடன்தொகை எழுதிய ‘துண்டு’ இன்றித் தொழிலாளி வேறு தோட்டத்தில் வேலைபெற இயலாதிருந்த முறை, 1921ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஒழிந்தது. நடக்கவும் துண்டு வேண்டியிருந்த ஒரு சமூகத்துக்குச் சக்கரம் எட்டாப் பொருளாக இருந்ததில் வியப்பில்லை. நோயாளியைத் தோளிற் சுமந்து பெரும்பாதைவரை இறங்கிய கதைகளை மூத்தோர் இன்றும் கூறுவர்.

காலம் மாறிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. தோட்டத்துப் பிள்ளைகள் கற்று ஆசிரியராயினர். கொழும்பிலும் கடல்கடந்தும் வேலைக்குச் சென்றனர். இந்தியாவிலிருந்து வந்த மலிவான மோட்டார்ச் சைக்கிள்கள் லயத்து வாசல்களில் நிற்கத் தொடங்கின. சின்னத்துரையின் வாகனம் தொழிலாளியின் மைந்தனுக்கும் உரியதாயிற்று. ஆனால் தோட்டப் பாதை பல இடங்களில் பழைய பாதையாகவே இருந்தது. கல் பெயர்ந்த பாதையில் டயர் குத்துண்டால், பசறையிலோ லுணுகலையிலோ உள்ள டயர்க் கடைவரை வண்டியைத் தள்ளிச் செல்லவேண்டிய நிலையும் தொடர்ந்தது.

இந்நிலையை மாற்ற இரு தொழில்நுட்பங்கள் துணைபுரிந்தன. முதலாவது டியூப் அற்ற டயர். இதனை அமெரிக்காவில் பிராங்க் ஹெர்செக் வகுத்தார். 1952இல் அதற்கு ஆக்கவுரிமை கிடைத்தது. கம்பிச் சக்கரத்தை விடுத்து வார்ப்புச் சக்கரம் பூண்ட மோட்டார்ச் சைக்கிள்களில் இது பின்னர் பரவிற்று. இவ்வகை டயரில் ஆணி தைத்தால், சக்கரத்தைக் கழற்றாமலே துளையிற் பசை தோய்ந்த திரியைச் செருகி அடைக்கலாம். பின்னர் காற்று மட்டுமே தேவை. இரண்டாவது, 1991இல் வணிகத்துக்கு வந்த இலிதியம் அயன் மின்கலம். அதற்கு முன்னரும் மோட்டார் வண்டியின் 12 வோல்ற்று மின்னால் இயங்கும் பம்புகள் இருந்தன. ஆயின், பழைய மோட்டார்ச் சைக்கிள்கள் பல 6 வோல்ற்றுக்கு உரியன. அப்பம்புகள் அவற்றிற்குப் பயன்படவில்லை. தன் மின்கலத்தைத் தன்னுள்ளேயே கொண்ட கைப்பிடியளவான பம்பு அத்தடையை நீக்கிற்று.

அதன் இயக்கம் எளிது. சிறு மின்மோட்டர் சுழல, முசலம் மேலுங்கீழும் அசைந்து காற்றை நெருக்கி வால்வினூடே செலுத்துகின்றது. குறித்த அமுக்கம் எய்தியதும் அது தானே நிற்கும். ஆனால் மலைநாட்டார் சிலவற்றை அறிந்திருத்தல் வேண்டும். பதுளை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றர். அப்புத்தளை ஏறத்தாழ 1,430 மீற்றர். அப்புத்தளையில் வளியமுக்கம் கொழும்பிலுள்ளதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. எனவே ஒவ்வோர் அடிப்புக்கும் பம்பு அத்துணைக் குறைந்த காற்றையே உள்வாங்கும். டயரை நிரப்பக் கூடிய நேரம் செல்லும். நெருக்கப்படும் காற்றோடு பம்பும் சூடேறும். ஆதலின் செய்தோர் குறித்த ஓய்வை அதற்கு அளித்தல் வேண்டும். அளியாவிடின் அது விரைவிற் பழுதுறும்.

மற்றொன்று. கொழும்பில் 30 இறாத்தல் அமுக்கத்தோடு புறப்பட்ட டயர் அப்புத்தளையிற் குளிர்ந்தபின் என்ன காட்டும்? வெளியமுக்கம் குறைவதால் மானியின் அளவு 2 இறாத்தலுக்குச் சற்று மேலாகக் கூடும். வெப்பம் 10 பாகை குறைவதால் ஏறத்தாழ ஒன்றரை இறாத்தல் குறையும். இரண்டும் பெரும்பாலும் ஈடாகிவிடும். எனவே மலையேறினால் காற்றைக் குறைக்கவேண்டும் என்று சிலர் கருதுவது சரியன்று. வண்டி ஓடிச் சூடேறிய டயரில் அமுக்கம் கூடித் தோன்றுவதும் இயல்பே. அதைக் கண்டு காற்றைத் திறந்துவிடலாகாது. அளவு பார்ப்பதும் காற்றேற்றுவதும் டயர் குளிர்ந்திருக்கையிற் செய்யத்தக்கன. காற்றுக் குறைந்த டயர் வளைவில் தளும்பும்; குழியில் விழுந்தால் சக்கர விளிம்பு நெளியும்; எரிபொருளும் வீணாகும். 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியில், மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரம் 4 இலீற்றர் என்று பங்கீடு தொடங்கியபொழுது, அவ்வீணின் விலையைப் பலரும் உணர்ந்தனர்.

இப்பம்பைப் புகழும்பொழுது அதன் எல்லையையும் கூறுதல் நடுவுநிலைமை. டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் திரியும் பம்பும் பயன்தரா. மின்னேற்ற மறந்த பம்பு பையிற் கிடக்கும் வெறுஞ் சுமையே. பழைய கைப்பம்புக்கோ மின் வேண்டியதில்லை. எல்லாவற்றினும் முதன்மையானது வேறொன்று. ஒவ்வோர் இளைஞனும் தன் பையிற் பம்பு வைத்திருக்கின்றான் என்பது, தோட்டப் பாதையைச் செப்பனிடவேண்டியவர்க்கு ஒரு சாட்டாகிவிடலாகாது. தனிமனிதன் தன் இடரைத் தானே தீர்க்கக் கற்றுக்கொண்டான் என்பது பெருமை. அவ்விடர் நூற்றாண்டுக்கு மேலாக அங்கேயே இருக்கின்றது என்பது குறை. பிரசவ வேதனையிலுள்ள தாயை மோட்டார்ச் சைக்கிளிற் கொண்டுசெல்ல இயலாது; அவளுக்கு வேண்டியது நல்ல பாதை.

எனினும் இச்சிறு கருவியின் வரலாற்றுப் பொருளைக் குறைத்து மதிப்பிடலாகாது. பழுதுபார்க்கும் ஆற்றல் முதலிற் கொல்லன் பட்டறையில் இருந்தது. பின்னர் நகரத்து டயர்க் கடைக்குச் சென்றது. இன்று ஓட்டுபவனின் கைக்கே வந்துள்ளது. துண்டின்றி வெளியேற இயலாதவரின் வழித்தோன்றல், எவர் தயவையும் எதிர்நோக்காது இரவிலும் தன் பயணத்தைத் தொடர்கின்றான். இம்மாற்றத்தை எந்த அரச அறிக்கையும் பதிவு செய்யவில்லை. அதனைக் கண்ட மூத்தோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்கள் நடந்த தூரமும், சுமந்த சுமையும், முதன்முதல் ஏறிய வண்டியும் அவர்களோடு மறைந்துவிடலாம். வரலாறு கற்கும் மாணவர், விடுமுறையில் தத்தம் தோட்டத்துக்குச் செல்லும்பொழுது, அவர்களை அணுகிக் கேட்டு எழுதிவைப்பாராக. அரசர் ஆண்ட காலங்களை நூல்களில் அறியலாம். நம்மவர் நடந்த பாதையை நாமே எழுதினாலன்றி எழுதுவார் இலர்.