அலிப்பூரின் வானம்: நெடுந்தூர விமானப் பயணம் விடுமுறையான வரலாறு

நண்பர்கள் சிலர் ஒன்றுகூடி வெளிநாட்டு விடுமுறைக்குப் புறப்படுகையில், பத்து மணி நேர விமானப் பயணம் அவர்களுக்கு விடுமுறையின் முதற்பகுதியாகவே அமைகிறது. சன்னலோர இருக்கை யாருக்கு, எந்தத் திரைப்படத்தைப் பார்ப்பது, எப்போது உறங்குவது என்பனவே பேச்சின் பொருள். உயிருடன் சென்று சேர்வோமா என்ற ஐயம் அப்பேச்சில் இடம்பெறுவதில்லை. இந்த அச்சமின்மை மனித இயல்பிலிருந்து தோன்றியதன்று. நூறாண்டுக் காலத்தில் சிறுகச் சிறுக உருவாக்கப்பட்டது. அது உருவான இடங்களைத் தேடுவோர் விமான நிலையங்களையும் தொழிற்சாலைகளையும் முதலில் நாடுவர். அவற்றுக்கு வெளியே உள்ள இடங்களுள் ஒன்று, கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள அலிப்பூர்.

மழைச் செய்தி என்றதும் தமிழருக்கு நுங்கம்பாக்கம் நினைவுக்கு வருவதுபோல, வங்காளியருக்கு அலிப்பூர் நினைவுக்கு வரும். 1876இல் திறக்கப்பட்ட விலங்கியல் பூங்கா, 1908ஆம் ஆண்டின் வெடிகுண்டு வழக்கு, பெல்வடேர் வளாகத்தில் இயங்கும் தேசிய நூலகம் ஆகியவற்றால் அறியப்படும் இப்பகுதிக்கு, நாள்தோறும் மக்கள் நாவில் இடம் தருவது அங்குள்ள வானிலை அலுவலகமே. ஆயினும் இந்திய வான்போக்குவரத்தின் வரலாற்றை எழுதுவோர் அலிப்பூரைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. அவ்வரலாறு விமானிகளின் துணிவையும் பொறிகளின் திறனையும் கொண்டே எழுதப்படுகிறது. வானத்தை அளந்தவர்கள் அதில் இடம்பெறுவது அரிது.

கல்கத்தாவில் வானிலை அறிவு கடற்பயணத்தின் தேவையிலிருந்து பிறந்தது. அந்நகரின் கடல்சார் விசாரணை மன்றத்தில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன், சுழன்று வீசும் பெரும்புயலுக்கு 'சைக்ளோன்' என்ற பெயரை 1848இல் வெளியான தம் நூலில் முன்மொழிந்தார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பெறப்பட்டது. 1864 அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. மறு ஆண்டே கல்கத்தாத் துறைமுகத்திற்குப் புயல் எச்சரிக்கை வழங்கும் ஏற்பாடு தொடங்கியது. 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டபோது கல்கத்தாவே அதன் தலைமையிடமாயிற்று, எச். எஃப். பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைவரானார். 1885இல் அத்துறையில் அலுவலராகச் சேர்ந்த பஞ்சாபின் ருச்சி ராம் சாஹ்னி, அப்பதவி நிலையை எட்டிய முதல் இந்தியராகக் கருதப்படுகிறார். தலைமையிடம் பின்னர் சிம்லாவுக்கும் புணேக்கும் தில்லிக்கும் மாறியது. வங்காள விரிகுடாவைக் கண்காணிக்கும் பொறுப்பு கல்கத்தாவிலேயே தொடர்ந்தது.

இந்த அறிவின் கால அளவை நாள்கள். விரிகுடாவில் உருவாகும் புயல் கரையை அடையச் சில நாள்கள் ஆகும். கப்பல்களும் கடலோர நிலையங்களும் தரும் காற்றழுத்த அளவுகளைத் தந்தி வழியே திரட்டி, வரைபடத்தில் குறித்து, துறைமுகக் கம்பத்தில் எச்சரிக்கைக் குறி ஏற்ற அந்த அவகாசம் போதுமானது. கப்பலுக்கு வேண்டியது கடற்பரப்பின் மீதுள்ள காற்றைப் பற்றிய செய்தி. விமானத்தின் வருகை இவ்விரண்டையும் மாற்றியது. காலம் மணிகளாகச் சுருங்கியது. பரப்போடு உயரமும் சேர்ந்துகொண்டது.

1919 நவம்பர் இறுதியில், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித்தும் அவர் உடன்பிறந்தவர் கீத் ஸ்மித்தும் இரு பொறிவினைஞர்களோடு கல்கத்தாவின் குதிரைப் பந்தயத் திடலில் இறங்கினர். ஆதி கங்கை என வழங்கும் கால்வாய்க்கு இப்பக்கம் அத்திடல், அப்பக்கம் அலிப்பூர். மறுநாள் புறப்படுகையில் பருந்து ஒன்று விமானத்தின் விசிறியில் மோதியது, விமானம் தப்பியது. நவம்பர் 12இல் தொடங்கிய அப்பயணம் டிசம்பர் 10இல் டார்வினில் முடிந்தது. 10,000 பவுண்டு பரிசை வென்ற அச்செயல் ஒரு சாதனை. எவரும் அதை விடுமுறை என்று அழைத்திருக்க மாட்டார்கள்.

உலகைச் சுற்றிவந்த அமெரிக்கப் படை விமானங்கள் 1924 ஜூன் இறுதியில் கல்கத்தாவை அடைந்தன. நீரில் இறங்குவதற்கான மிதவைகளைக் கழற்றிவிட்டு, அங்கே அவற்றுக்குச் சக்கரங்கள் பொருத்தப்பட்டன. அங்கிருந்து புறப்பட்டபோது லின்டன் வெல்ஸ் என்ற அமெரிக்கச் செய்தியாளர் முறையான இசைவின்றி ஒரு விமானத்தில் ஏறி, விமானிகளோடு கராச்சி வரை சென்றார். மூன்றாண்டுகளுக்குப் பின், 1927இல், வான் லியர் பிளாக் என்ற அமெரிக்கச் செய்தித்தாள் உரிமையாளர் டச்சு நிறுவனமான கே.எல்.எம்.மின் விமானம் ஒன்றைக் குழுவினரோடு வாடகைக்கு அமர்த்தி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து பட்டேவியாவுக்குச் சென்று திரும்பினார். தன் விருப்பத்திற்காகக் கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும் பயணி அவரோடு வரலாற்றில் தோன்றுகிறார். ஆனால் அவ்விருப்பம் பெருஞ்செல்வர் ஒருவருக்கே இயன்றது.

1929 மார்ச் 30இல் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் லண்டனிலிருந்து கராச்சிக்குச் சேவை தொடங்கியது. பயணக் காலம் ஏழு நாள்; கட்டணம் 130 பவுண்டு; இடையே ஒரு பகுதியை இரயிலில் கடக்க வேண்டும். 1933இல் அத்தடம் கல்கத்தா வரையும், ஆண்டு இறுதியில் சிங்கப்பூர் வரையும் நீண்டது. பயணிகள் பகலில் பறந்து, இரவில் தரையிறங்கித் தங்கினர். காற்றழுத்தம் சீராக்கப்படாத அவ்விமானங்கள் தாழ்வாகவே பறந்தமையால், மழையையும் மேகத்தையும் தாண்டி மேலே செல்லும் வழி அவற்றுக்கு இல்லை. 1930 மே மாதம் தனியே பறந்துவந்த ஏமி ஜான்சன், கல்கத்தாவிலிருந்து ரங்கூன் சென்றபோது கடும் மழையில் சிக்கி, இன்சேனில் ஒரு விளையாட்டுத் திடலில் இறங்க நேர்ந்தது.

எனவே வானிலையாளர் பலூனைக் கையிலெடுத்தனர். ஹைட்ரஜன் நிரப்பிய சிறு பலூனை மேலே விட்டு, அது செல்லும் திசையைத் தியோடலைட் கருவியால் பின்தொடர்ந்து, ஒவ்வோர் உயரத்திலும் காற்றின் வேகத்தைக் கணக்கிட்டனர். மேகம் மூடினால் பலூன் மறைந்துவிடும். தகவல் மிகத் தேவைப்படும் நேரத்தில்தான் அது கிட்டாது. வங்காளத்தில் இக்குறை மிகக் கூர்மையாக வெளிப்பட்ட பருவம் கோடை.

சித்திரை, வைகாசி மாதங்களின் பிற்பகலில் வடமேற்கிலிருந்து பாய்ந்துவரும் இடிப்புயலை வங்காளியர் 'கால்பைசாகி' என்பர். சோட்டா நாக்பூர் பீடபூமியின் வெப்பமும் விரிகுடாவின் ஈரக்காற்றும் சந்திப்பதால் அது பிறக்கிறது. அதன் மேகம் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தையும் எட்டக்கூடும். உழவர்க்கு அது வெம்மை தணிக்கும் மழை. மாங்காய் பொறுக்கும் சிறுவர்க்கு மகிழ்ச்சி. விரிகுடாப் புயலைப்போல நாள்கணக்கில் அது அறிவிப்புத் தருவதில்லை. ஓரிரு மணி நேரத்தில் எழுந்து அடங்கிவிடும். கப்பல்களுக்காக வளர்ந்த அறிவு இங்கே தன் எல்லையைச் சந்தித்தது.

1952 மே 2இல் உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவையை பி.ஓ.ஏ.சி. நிறுவனம் காமெட் விமானத்தைக் கொண்டு தொடங்கியது. முந்தைய விமானங்களைவிட இருமடங்கு உயரத்தில், வானிலைக்கு மேலே, அதிர்வின்றிச் செல்லலாம் என்பதே அதன் கவர்ச்சி. நெடும்பயணத்தை ஒரு சுகமாக முன்வைத்த முதல் தலைமுறை விமானம் அது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2இல், சிங்கப்பூரிலிருந்து லண்டன் செல்லும் காமெட் ஒன்று மாலை நாலரை மணியளவில் டம்டம்மிலிருந்து தில்லி நோக்கிப் புறப்பட்டது. ஆறு நிமிடங்களில் தொடர்பு அறுந்தது. ஹூக்ளி மாவட்டத்தின் ஜாங்கிபாடா அருகே அதன் சிதைவுகள் வயல்வெளிகளில் சிதறிக் கிடந்தன. அதிலிருந்த 43 பேரும் இறந்தனர். இடிப்புயலின் கடுங்காற்று மோதியதாலோ, அதில் விமானத்தைக் கட்டுப்படுத்த முயன்றபோது ஏற்பட்ட மிகை விசையாலோ, விமானம் வானிலேயே உடைந்தது என இந்திய விசாரணை முடிவுசெய்தது.

1954இல் மத்தியதரைக் கடற்பகுதியில் மேலும் இரு காமெட் விமானங்கள் வீழ்ந்தன. ஃபார்ன்பரோ ஆய்வாளர்கள் விமான உடலொன்றை நீர்த்தொட்டியில் வைத்து மீண்டும் மீண்டும் அழுத்தத்திற்கு உட்படுத்தி, உலோகக் களைப்பைக் கண்டறிந்தனர். அதன்பின் காமெட்டின் கதை உலோகத்தின் கதையாகவே நினைவுகூரப்படுகிறது. கல்கத்தா விபத்து அதன் முன்னுரையாகச் சுருங்கிவிட்டது. ஆனால் அது கற்பித்த பாடம் வேறு: புயலுக்கு மேலே பறக்கும் விமானமும் புயல் நிலவும் காற்றினூடாகவே மேலேற வேண்டும். மேலே உள்ள அமைதி, கீழே உள்ள பத்து நிமிடங்களைச் சார்ந்தது. அந்தப் பத்து நிமிடங்களைப் பற்றிய அறிவு, அந்தந்த ஊரின் வானத்தை அறிந்தோரிடமிருந்தே வர இயலும்.

1950களின் நடுவில் டம்டம்மில் புயலைக் காணும் ராடார் நிறுவப்பட்டது. பலூனை மறைத்த மேகமே இப்போது திரையில் தெரியலாயிற்று. விமானங்களின் மூக்கிலும் ராடார் இடம்பெற்றது. கால்பைசாகி நிற்கவில்லை, அது எங்கே நிற்கிறது என்பது தெரிந்தது. அதைக் கடந்துபோகும் வரை தரையில் காத்திருக்கவும், சுற்றிச் செல்லவும் விமானிகள் கற்றனர். 'வானிலை காரணமாகத் தாமதம்' என்று இன்றைய பயணி சலித்துக்கொள்ளும் அறிவிப்புக்குப் பின்னால் இவ்வரலாறு இருக்கிறது.

இதில் ஒரு முரணும் உண்டு. விமானங்களின் தொலைவுத்திறன் பெருகியபோது, ஐரோப்பாவிலிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்குச் செல்வோர் கல்கத்தாவில் இறங்கும் தேவை மறைந்தது. 2009இல் பிரிட்டிஷ் ஏர்வேஸும், 2012இல் லுஃப்தான்சாவும் அந்நகரிலிருந்து தம் நேரடிச் சேவைகளை நிறுத்தின. நெடுந்தூரப் பயணத்தைப் பாதுகாப்பாக்கிய நகரங்களுள் ஒன்று, அப்பயணத்தின் தடத்திலிருந்து பெரிதும் விலகிவிட்டது. பூஜை விடுமுறையில் ஐரோப்பா செல்ல விரும்பும் கொல்கத்தா நண்பர் குழு, பெரும்பாலும் தில்லியிலோ துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாற வேண்டியுள்ளது.

ஆய்வு மாணவர்க்கு இதில் ஒரு செய்தி உண்டு. விமானியின் நினைவுக்குறிப்பு ஒருமுறை நிகழ்ந்ததைப் பதிவுசெய்கிறது. வானிலைப் பதிவேடு நாள்தோறும் நிகழ்ந்ததைப் பதிவுசெய்கிறது. துணிவின் வரலாற்றுக்கு முதலாவது போதும். அச்சம் நீங்கிய வரலாற்றை எழுதுவதற்கு இரண்டாவதையும் திறக்க வேண்டும். அதில் அழுத்தம், வெப்பம், காற்றின் திசை ஆகியன எண்களாக வரிசை வரிசையாக நிற்கின்றன. குறித்தவர் பெயரைத் தேடி எவரும் அவற்றைப் புரட்டுவதில்லை. நெடும்பயணம் ஒரு விடுமுறையின் இனிய தொடக்கமாக மாறியதில் அந்த எண்களை எழுதிய கைகளுக்கும் பங்குண்டு.