மனு தள்ளிவைத்த உடல்களும் ஹார்மோன் ஊசியும்

குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் போகும் பெண்ணுக்கு மாதவிடாயின் இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள் ஸ்கேன் எடுத்து ஊசியைத் தொடங்குகிறார்கள். அதாவது ஊர் வழக்கப்படி அவள் 'வீட்டுக்குத் தூரம்' இருக்க வேண்டிய நாளில். பூஜை அறைப் பக்கம் வராதே என்று சொல்கிற அதே குடும்பம் அன்றைக்கு அவளை ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறது. தேவை வந்தால் தீட்டு வழிவிடும் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. ஆனால் அந்த ஊசி எங்கிருந்து வந்தது என்ற வரலாறு நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது.

மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு பட்டியல் உண்டு. தொட்டால் குளித்துத்தான் தூய்மையாக வேண்டியவர்கள் யார் யார் என்று அது சொல்கிறது: சண்டாளர், மாதவிடாயில் இருக்கும் பெண், சாதியிலிருந்து விலக்கப்பட்டவர், பிள்ளை பெற்றவள், பிணம். சாதித் தீட்டும் பெண் தீட்டும் ஒரே வரியில் எழுதப்பட்டவை. இவற்றைத் தனித்தனிப் பிரச்சினைகளாகப் பேசும் தோழர்கள் இந்த வரியை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அம்பேத்கர் 1927 டிசம்பர் 25 அன்று மகத்தில் எரித்தது இந்த நூலைத்தான்.

இதே நூலின் மூன்றாம் அத்தியாயம் கருத்தரிப்புக்கும் கணக்கு சொல்கிறது. உதிரம் தொடங்கிய நாளிலிருந்து 16 இரவுகள் பெண்ணின் பருவம். அதில் முதல் 4 ஆகாது. இரட்டைப்படை இரவில் சேர்ந்தால் ஆண், ஒற்றைப்படையில் பெண். 'பார்த்தீர்களா, அப்போதே தெரிந்திருக்கிறது' என்று இதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். 16 இரவுக்குள் கரு தங்கும் நாட்களும் பலருக்கு வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் இரட்டை, ஒற்றைக் கணக்கு வெறும் ஆண் ஆசை. குழந்தை ஆணா பெண்ணா என்பதை விந்தணு முடிவு செய்கிறது, தேதி அல்ல.

ஐரோப்பிய மருத்துவம் மட்டும் தெளிவாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. நாய்க்குச் சூடு வரும்போது இரத்தம் கசிவதைப் பார்த்து, பெண்ணின் மாதவிடாயும் அதுவே என்று 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். அதனால் கரு தங்காத பாதுகாப்பான காலம் மாதத்தின் நடுவில்தான் என்று அறிவுரை சொன்னார்கள். நேர் தலைகீழ்! முட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 2 வாரம் முன்பு என்று 1924இல் ஜப்பானின் ஓகினோவும், சில ஆண்டுகள் கழித்து ஆஸ்திரியாவின் க்னாஸும் காட்டிய பிறகே கணக்கு திரும்பியது. 'அடுத்த' மாதவிடாய்க்கு முன்பு என்பதைக் கவனிக்க வேண்டும். 28 நாள் சுழற்சி எல்லோருக்கும் கிடையாது. 35 நாளுக்கு ஒருமுறை வருகிறவருக்கு 14ஆம் நாளில் முட்டை வராது. 21ஆம் நாளை ஒட்டி வரும்.

அடுத்த கேள்வி, இதையெல்லாம் நடத்துவது எது? விடை கிடைத்த இடங்களைப் பாருங்கள். 1923இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆலனும் டாய்சியும் இறைச்சிக்கூடத்துப் பன்றிகளின் சினைப்பைகளைக் கொண்டுவந்து ஆராய்ந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் ஆராய்ச்சி அங்கிருந்து வேகம் பிடித்தது. மகத்தில் தீ மூட்டப்பட்ட அதே 1927இல், பெர்லினில் ஆஷ்ஹைமும் சோன்டெக்கும் கர்ப்பிணிகளின் சிறுநீரில் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன் இருப்பதைக் கண்டார்கள். அந்தச் சிறுநீரை எலிக்குச் செலுத்திக் கர்ப்பத்தை உறுதிசெய்யும் சோதனை அதிலிருந்து வந்தது. சோன்டெக் யூதர். 1933இல் ஹிட்லர் ஆட்சி அவரை வேலையிலிருந்து துரத்தியது; பின்னர் ஜெருசலேமில் குடியேறினார். இரத்தத் தூய்மை பேசியவர்கள் அங்கேயும் இருந்தார்கள்.

மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் எப்.எஸ்.எச். ஹார்மோன் மிக அதிகம். சினைப்பை ஓய்ந்துவிட்டதால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பதில் வராத கதவைத் தட்டுவதுபோல அதைச் சுரந்துகொண்டே இருக்கிறது. இத்தாலியின் செரோனோ நிறுவனத்தில் டோனினி என்ற வேதியியலாளர் இதைப் பிரித்தெடுத்து 'பெர்கோனால்' என்று பெயர் வைத்தார். மருந்தாக்க ஆயிரக்கணக்கான லிட்டர் சிறுநீர் வேண்டும், அதில் ஒரு கர்ப்பிணியின் சிறுநீர்கூடக் கலக்கக் கூடாது. வயதான கன்னியாஸ்திரிகள் வாழும் மடங்களிலிருந்து சேகரித்தார்கள். வத்திக்கான் தொடர்பு இல்லாமல் அது நடந்திருக்காது. போப் 12ஆம் பயஸின் உறவினர் அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருந்தார். பிள்ளை பெறாத பெண்களின் உடலிலிருந்து மற்றவர்கள் பிள்ளை பெறுவதற்கான மருந்து வந்தது. 1960களின் தொடக்கத்தில் இஸ்ரேலில் லுனென்ஃபெல்ட் என்ற மருத்துவர் அதைக் கொண்டு வெற்றி கண்டார். மருந்துப் பெட்டியில் நிறுவனத்தின் பெயர்தான் இருந்தது, கன்னியாஸ்திரிகள் பெயர் இல்லை.

ஸ்வீடனில் கெம்செல் வேறு வழியில் போனார். அவர் எடுத்தது பிணங்களின் பிட்யூட்டரி சுரப்பியை. அதிலும் பெண்கள் கருத்தரித்தார்கள். ஆனால் இப்படிப் பிணத்திலிருந்து எடுத்த ஹார்மோன் போடப்பட்ட ஆஸ்திரேலியப் பெண்கள் சிலர் பல ஆண்டுகள் கழித்து மூளையை அழிக்கும் கொடிய நோயில் இறந்தார்கள். 1985இல் அந்தத் திட்டமே நிறுத்தப்பட்டது. ஆக, பன்றி, சிறுநீர், கர்ப்பிணி, பிணம். மனுவின் பட்டியலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1990களில்தான் மரபணு மாற்றிய வெள்ளெலிச் செல்களில் எப்.எஸ்.எச். தயாரிப்பது வந்தது.

இந்த ஊசி உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை நம் பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் பல முட்டைப்பைகள் சேர்ந்தே வளரத் தொடங்கும். அதில் ஒன்று முந்திக்கொண்டு ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். ஈஸ்ட்ரோஜன் ஏறியதும் பிட்யூட்டரி எப்.எஸ்.எச்.சைக் குறைத்துவிடும். முந்தியது மட்டும் பிழைக்கும், மற்றவை வாடிவிடும். வெளியிலிருந்து ஊசியாக எப்.எஸ்.எச். போட்டுக்கொண்டே இருந்தால் வாட வேண்டியவையும் பிழைத்து வளரும். ஐவிஎஃப்பில் பத்து, பதினைந்து முட்டை கிடைப்பது இப்படித்தான். இயற்கையில் எல்.எச். என்ற ஹார்மோன் திடீரென்று ஏறி முட்டையை வெளியேற்றும். சிகிச்சையில் அந்த வேலையை எச்.சி.ஜி. ஊசி செய்கிறது, கர்ப்பிணியின் சிறுநீரில் பெர்லின்காரர்கள் கண்டது அதுதான். ஊசி போட்டு ஏறக்குறைய 36 மணி நேரத்தில், முட்டை தானாக வெளிவருவதற்குச் சற்று முன்பு, மயக்க மருந்து கொடுத்து உறிஞ்சி எடுப்பார்கள். அதற்குப் பிறகு கருப்பைச் சுவரைத் தாங்கப் புரோஜெஸ்டிரான் தருவார்கள்.

தூண்டுதல் எல்லை மீறினால் சினைப்பைகள் வீங்கும், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் கட்டும், இரத்தம் உறையும், உயிரும் போகலாம். வயது குறைந்த, முட்டைப்பைகள் நிறைய உள்ள பெண்ணுக்கு ஆபத்து கூடுதல். அதாவது கருமுட்டை கொடுக்க யாரைத் தேடுகிறார்களோ, அவர்களுக்கு.

1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இந்த ஊசி இல்லாமல், இயற்கைச் சுழற்சியில் கிடைத்த ஒரே முட்டையில் உருவானது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் துர்கா பிறந்தபோது டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் ஊசியால் தூண்டி முட்டை எடுத்திருந்தார், கருவை உறைய வைத்து வேறொரு சுழற்சியில் வைத்திருந்தார். பின்னாளில் உலகமே பின்பற்றியது அந்த முறையைத்தான். மாநில அரசின் குழு அவரை நம்பவில்லை. கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். 1981இல் தற்கொலை செய்துகொண்டார்.

இன்று அதே ஊசி ஏழைப் பெண்கள் உடலில் ஏறுகிறது. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியைப் போலி ஆதார் காட்டி, வயதைக் கூட்டிச் சொல்லி, பலமுறை கருமுட்டை எடுத்து விற்றது வெளியே வந்தது. அவளைக் கூட்டிப் போனதில் பெற்ற தாயும் உண்டு. இன்னொரு பக்கம், முட்டை தருகிறவள் சிவப்பா, எந்தச் சாதி என்று தம்பதிகள் கேட்பது பத்திரிகைகளில் பலமுறை வந்த செய்தி. வாடகைத்தாயிடம் இந்தக் கேள்வி அவ்வளவாக எழாது. கருப்பை யாருடையதாகவும் இருக்கலாம், முட்டையில் மட்டும் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைப்பு. எந்த நுண்ணோக்கியில் பார்த்தார்களோ!

2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி முட்டை தருகிறவளுக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒருமுறை, 7 முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. சிகிச்சை பெறும் தம்பதி அவளுக்கு 12 மாதக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும். உங்கள் தெருவில் யாராவது இதற்குப் போகிறார்கள் என்று தெரிந்தால் முதலில் அந்தக் காப்பீட்டுக் காகிதத்தைக் கேட்கச் சொல்லுங்கள். எந்த ஊசி, எவ்வளவு, எத்தனை நாள் என்று எழுதிய தாளையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். ஏனென்றால் 7ஆ 20ஆ என்று எண்ணுகிற நேரத்தில் அவள் மயக்கத்தில் இருப்பாள்.