கையளித்ததும் கட்டளையிட்டதும்: ஜப்பானிய மரபு பற்றி ஒரு சிந்தனை

ஜப்பான் நாட்டின் ஈசே என்னும் ஊரில் கதிரவத் தெய்வமாகிய அமத்தெராசுவுக்கு ஒரு கோயில் உண்டு. ஷிந்தோ சமயத்தார்க்கு அதனினும் தூயதோர் இடமில்லை. அக்கோயில் மரத்தாலானது. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை, அருகிலுள்ள வெற்றிடத்தில் அதே அளவில், அதே வடிவில் புதுக்கோயில் ஒன்றை எழுப்பிப் பழையதைப் பிரித்துவிடுவர். ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய இவ்வழக்கம், உள்நாட்டுப் போர்க்காலத்தில் நூறாண்டுக்கு மேல் தடைப்பட்டதாயினும் மீண்டும் தழைத்து, 2013-ஆம் ஆண்டில் 62-ஆம் முறையாக நிறைவேறிற்று. அக்கோயில் பழையதா, புதியதா? மரம் புதிது, வடிவம் பழையது. முதிய தச்சரிடமிருந்து இளைய தச்சர் கற்றுக்கொள்ளும் கைவண்ணமே அங்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறது.

மரபைக் குறிக்கத் திருச்சபையின் இலத்தீன் மொழியில் வழங்கும் சொல்லுக்குக் 'கையளித்தல்' என்பதே நேர்ப்பொருள். தாம் பெற்றுக்கொண்டதையே கொரிந்தியர்க்குக் கையளித்ததாகத் தூய பவுல் எழுதுவதும் இப்பொருளில்தான். ஆசியாவில் மேலைநாட்டுப் புதுமையை முதன்முதல் முழுமூச்சாக ஏற்ற நாடு ஜப்பான். ஏற்றும் தன்னை இழக்காத நாடு என்று அதனைப் பலரும் போற்றுவர். ஆயினும் அந்நாட்டின் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், மரபு என்னும் ஒரே பெயரின்கீழ் இரு வேறு பொருள்கள் மறைந்திருக்கக் காண்கிறோம். ஒன்று கையளிக்கப்பட்டது, மற்றொன்று கட்டளையிடப்பட்டது. இவ்விரண்டின் வேறுபாட்டை நமக்குத் தெளிவாகக் காட்டுபவர்கள், நாகசாகிக்கு அருகே உராகாமிப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த எளிய உழவர்களே.

சவேரியார் எதிர்கொண்ட இடர்

முத்துக்குளித்துறையில் கடலோர மக்களுக்குத் தமிழிலேயே செபங்களைக் கற்பித்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1547-ஆம் ஆண்டின் இறுதியில் மலாக்காவில் அஞ்சிரோ என்னும் ஜப்பானியரைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு கோவாவில் திருமுழுக்குப் பெற்ற அந்த அஞ்சிரோ வழிகாட்ட, 1549 ஆகஸ்டு 15 அன்று, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளில், சவேரியார் ககோஷிமாவில் கரையேறினார்.

கடவுளை ஜப்பானிய மொழியில் எப்பெயரால் அழைப்பது என்பதே அவர் எதிர்கொண்ட முதல் இடர். அஞ்சிரோவின் சொற்படி 'தைநிச்சி' என்னும் பெயரை அவர் கையாண்டார். ஷிங்கோன் பௌத்தத் துறவிகள் மகிழ்ந்து வரவேற்றனர். ஏனெனில் அஃது அவர்கள் வணங்கிய புத்தரின் பெயர். உண்மை தெரிந்தபின் சவேரியார் அதனைக் கைவிட்டு, 'தேயுஸ்' என்னும் இலத்தீன் சொல்லையே வழங்கலானார். உள்நாட்டுச் சொல்லை எடுத்தால் நற்செய்தி பழைய சமயத்துள் கரைந்துபோகும். அயல்நாட்டுச் சொல்லை எடுத்தால் விருந்தாளியாகவே நின்றுவிடும். அன்று ஒரு சொல்லில் எழுந்த இக்கேள்வி, ஜப்பானியக் கிறிஸ்தவரை நானூற்றெழுபது ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகிறது.

1579-ஆம் ஆண்டில் இயேசு சபைப் பார்வையாளராக வந்த வலிஞானோ அடிகளார், நாட்டு வழக்கத்தை மதிப்பதே நெறி என்று கண்டார். குருக்கள் ஜப்பானிய மொழியைக் கற்கவேண்டும். உணவிலும் உபசாரத்திலும் ஜப்பானியர்போல் ஒழுகவேண்டும். குருக்களின் இல்லங்களில் விருந்தினர்க்குத் தேநீர் வழங்கும் அறை இருக்கவேண்டும் என்றெல்லாம் விதித்தார். 1590-இல் அவர் கொண்டுவந்த அச்சுப்பொறியில் ஜப்பானிய மொழியிலேயே மறைநூல்கள் அச்சாயின. சீனாவில் மத்தேயு ரிச்சி அடிகளும், 1606-இல் மதுரை வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலியும் நடந்த வழி இதுவே. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியக் கிறிஸ்தவர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் என வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர்.

ஆனால் ஆட்சியாளர், கிறிஸ்தவ மறையின் பின்னே அயல்நாட்டுப் படைகளின் நிழலைக் கண்டனர். 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியில் இருபத்தாறு பேர் சிலுவையில் அறையப்பட்டனர். நம் நாட்டு வசாயில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியாவும் அவர்களுள் ஒருவர். 1614-இல் டோக்குகாவா ஆட்சி கிறிஸ்தவ மறையை நாடெங்கும் தடைசெய்தது. 1637–38 ஷிமாபாராக் கிளர்ச்சிக்குப்பின் போர்த்துக்கீசியர் வெளியேற்றப்பட்டனர். நாட்டின் கதவுகள் ஏறத்தாழ அடைபட்டன.

குருவின்றி வாழ்ந்த திருச்சபை

இதற்குப்பின் நிகழ்ந்ததுதான் வியப்பு. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்தக் கோயிலில் பெயர் பதிந்துகொள்ளவேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் நாகசாகிப் பகுதியார், ஆண்டவர் அல்லது அன்னையின் திருவுருவம் பொறித்த பலகையைக் காலால் மிதித்துத் தாம் கிறிஸ்தவரல்லர் என மெய்ப்பிக்கவேண்டும். உராகாமி மக்கள் மிதித்தனர். மிதித்துவிட்டு வீடு திரும்பி, கதவை அடைத்துக்கொண்டு, உத்தம மனத்துயர்ச் செபத்தைச் சொல்லினர்.

குரு இல்லை, திருப்பலி இல்லை, நற்கருணை இல்லை. எஞ்சியிருந்த அருளடையாளங்களுள் திருமுழுக்கை அவர்களே வழங்கினர். திருநாள்களைக் கணக்கிட்டுச் சொல்ல ஒருவர், திருமுழுக்குக் கொடுக்க ஒருவர், செய்தியை வீடுவீடாய்க் கொண்டுசெல்ல ஒருவர் எனப் பணிகளைப் பகுத்துக்கொண்டனர். குழந்தையை ஏந்திய கன்னோன் என்னும் பௌத்த வடிவத்தில் தேவதாயை வணங்கினர். ஏழு தலைமுறை கழிந்தபின் பாவமன்னிப்பு வழங்கும் குருக்கள் கருங்கப்பலில் வருவர் என்னும் முன்னுரையைத் தந்தையர் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தனர்.

நாடு மீண்டும் திறந்தபின், புதுச்சேரியில் நமக்கு நன்கு அறிமுகமான பாரீஸ் வேதபோதக சபையினர், நாகசாகியில் வெளிநாட்டவர்க்கென ஓர் ஆலயம் எழுப்பினர். 1865 மார்ச்சு 17 அன்று அதன் வாயிலில் ஏறத்தாழப் பதினைந்து பேர் வந்து நின்றனர். பெத்திஜான் அடிகள் கதவைத் திறந்துவிட்டுப் பீடத்தருகே முழந்தாளிட்டிருக்க, ஒரு பெண்மணி அவரை அணுகி, தங்கள் நெஞ்சமும் அவர் நெஞ்சமும் ஒன்றே என்னும் கருத்துப்படக் கூறி, சாந்தா மரியாவின் உருவம் எங்கே என்று கேட்டார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குருவைக் கண்டிராத மக்கள் கேட்ட கேள்வி அது. நூலும் ஆலயமும் இன்றித் தாய்மார் வாய்வழியாகவே அம்மறை கையளிக்கப்பட்டிருந்தது.

புதுமை அரசு உருவாக்கிய பழமை

உராகாமி மக்களைக் கொடுமையாகத் துன்புறுத்தியது பழைய ஆட்சி மட்டுமன்று. 1867-இல், இறந்தோரைப் பௌத்தத் துறவியின்றி அடக்கம் செய்ததனால் பலர் சிறைப்பட்டனர். அடுத்த ஆண்டு டோக்குகாவா ஆட்சி வீழ்ந்து, பேரரசர் மெய்ஜியின் பெயரால் புதுமை அரசு தோன்றிற்று. உலகெங்கும் அறிவைத் தேடுவோம் என்று உறுதிமொழி செய்த அவ்வரசே, கிறிஸ்தவ மறையைத் தடைசெய்யும் பலகைகளையும் புதிதாக நட்டது. உராகாமி மக்கள் ஏறத்தாழ 3,400 பேரைக் குடும்பங்களாகப் பிரித்து நாட்டின் பல பகுதிகளுக்கு நாடு கடத்திற்று. பட்டினியாலும் குளிராலும் சித்திரவதையாலும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நாள்களை அம்மக்கள் 'பயணம்' என்று மட்டுமே அழைத்தனர்.

இம்மக்கள் சிறையில் வாடிய 1872-இல்தான் டோக்கியோவுக்கும் யோக்கொஹாமாவுக்கும் இடையே முதல் இரயில் ஓடிற்று. ஆடவர் குடுமியை வெட்டினர். வீரர் வாளைக் களைந்தனர். 1873 சனவரி முதல் மேலைநாட்டு நாள்காட்டி வழக்கிற்கு வந்தது. 'ஜப்பானிய ஆன்மா, மேலைநாட்டுத் திறன்' என்பது அக்காலத்தார் முழங்கிய கொள்கை.

ஆனால் அந்த ஆன்மா எது என்பதை யார் முடிவுசெய்வது? அரசே முடிவுசெய்தது. ஆயிரம் ஆண்டுகளாக ஷிந்தோவும் பௌத்தமும் ஒரே வளாகத்தில், ஒரே குடும்பத்தில் இணைந்து வாழ்ந்தன. 1868-இல் ஆணையொன்று அவ்விரண்டையும் பிரித்தது. பல ஊர்களில் புத்தர் உருவங்கள் உடைக்கப்பட்டன. கியோத்தோ அரண்மனையில் திரைமறைவில் வாழ்ந்த பேரரசர், மேலைநாட்டுப் படையுடையில் நிழற்படத்திற்கு அமர்ந்தார். அவர் உருவப்படம் பின்னர்ப் பள்ளிகளில் வணக்கத்திற்குரியதாயிற்று. தொன்மையின் பெயரால் அன்று நிலைநாட்டப்பட்டவற்றுள் பல, இரயில் வண்டியைப் போலவே புதியவை. உயிருள்ள மரபை வெட்டிச் சீர்செய்து அரசுக்கு ஏற்ற மரபாக்கியதே மெய்ஜிக் காலத்தின் மறுபக்கம் எனலாம்.

திரும்பியோரும் திரும்பாதோரும்

மேலைநாடுகளுக்குச் சென்ற இவாக்குராத் தூதுக்குழுவினர், இத்துன்புறுத்தல் பற்றிய கண்டனத்தைச் சென்ற இடந்தோறும் கேட்க நேர்ந்தது. 1873-இல் தடைப்பலகைகள் அகற்றப்பட்டன. எஞ்சிய உராகாமி மக்கள் வெறுங்கையராய்ச் சிதைந்த வீடுகளுக்குத் திரும்பினர். சில ஆண்டுகளில் ஒரு நிலத்தை வாங்கினர். திருவுருவத்தை மிதிக்கத் தம் முன்னோர் ஆண்டுதோறும் அழைக்கப்பட்ட ஊர்த்தலைவரின் மனை அது. அங்கே எழுப்பத் தொடங்கிய ஆலயம் 1914-இல் நிறைவுற்றது.

ஆனால் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர் அனைவரும் திருச்சபைக்குத் திரும்பினாரல்லர். இக்கித்சுக்கித் தீவிலும் பிற இடங்களிலும் பலர் விலகியே நின்றனர். வீட்டின் பௌத்தப் பீடத்தை அகற்றுமாறு குருக்கள் கேட்டபோது, அதனை முன்னோர்க்கு இழைக்கும் துரோகமாக அவர்கள் கருதினர். பொருள் மறந்துபோன இலத்தீன், போர்த்துக்கீசியச் சொற்கள் கலந்த 'ஒராஷோ' என்னும் செபங்களை அவர்கள் வழித்தோன்றல்கள் நம் காலம் வரை ஓதிவந்துள்ளனர். இன்று அவர்கள் மிகச் சிலரே. அவர்களைப் பிடிவாதக்காரர் என ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. பெற்றோர் கையளித்ததை விடாது காத்தலே அவர்களுக்கு நம்பிக்கையாயிற்று. எனினும், கையளித்தல் என்பது பொருளையும் சேர்த்துக் கையளித்தலன்றோ? வடிவத்தை மட்டும் காக்கும் மரபு மெல்லமெல்ல உயிரிழக்கும் என்பதற்கு அத்தீவின் செபங்கள் துயரம் நிறைந்த சான்று.

வணங்குக என்னும் கட்டளை

1890-இல் கல்வி பற்றிய பேரரசரின் ஆணைமொழி வெளியாயிற்று. மறு ஆண்டு டோக்கியோவின் முதல் உயர்கல்விக் கூடத்தில் ஆசிரியர் உச்சிமுரா கான்சோ, பேரரசரின் ஒப்பமிட்ட அவ்வாணைமொழியின் முன் போதிய அளவு தலை தாழ்த்தவில்லை என்று குற்றஞ்சாட்டப்பட்டுப் பணியிழந்தார். இவர் புராட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர், சாமுராய்க் குடும்பத்தினர், இயேசு, ஜப்பான் என்னும் இரண்டையும் தம் இரு அன்புகளாகப் போற்றியவர். இவரையே நாட்டுப்பற்று அற்றவர் என்றனர். 'நீ ஜப்பானியனா, கிறிஸ்தவனா?' என்னும் கேள்வி அன்று முதல் ஓங்கி ஒலித்தது.

1932-இல் இயேசு சபையாரின் சோபியாப் பல்கலைக்கழக மாணவர் சிலர், போரில் மாண்டோரைத் தெய்வங்களாகப் போற்றும் யாசுக்குனி ஆலயத்தில் வணங்க மறுத்தபோது பெருங்கொந்தளிப்பு எழுந்தது. அவ்வணக்கம் நாட்டுப்பற்றின் அடையாளமே, சமயச் செயலன்று என அரசு விளக்கிற்று. 1936-இல் உரோமையும் அவ்விளக்கத்தை ஏற்றுக் கத்தோலிக்கர்க்கு இசைவளித்தது. பண்பாட்டை மதிக்கும் வலிஞானோவின் நெறிதான் இது எனச் சிலர் கூறலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. தேநீர் அறை, மக்கள் தாமாகவே பேணிய வழக்கம். யாசுக்குனி வணக்கமோ, மறுக்கும் உரிமை இல்லாத கட்டளை. ஒன்றில் அன்பு விருந்தினராய் நுழைகிறது. மற்றொன்றில் மனச்சான்று பணயமாகிறது. 1986-இல் டோக்கியோவில் கூடிய ஆசிய ஆயர்கள் முன்னிலையில், போர்க்காலப் பொறுப்பிற்காக இறைவனிடமும் ஆசிய மக்களிடமும் பேராயர் ஷிராயனாகி மன்னிப்பு வேண்டியது, அக்காலத்தின்மீது ஜப்பானியத் திருச்சபையே அளித்த தீர்ப்பாகும்.

கட்டளையிட்ட மரபு நாட்டை எங்கே கொண்டுசென்றது என்பதை உலகறியும். 1945 ஆகஸ்டு 9 அன்று அணுகுண்டு உராகாமிக்கு மேலேயே வெடித்தது. விண்ணேற்புத் திருநாளுக்கு ஆயத்தமாகப் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்த ஆலயம் இடிந்து வீழ்ந்தது. உராகாமியின் ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் கத்தோலிக்கருள் எட்டாயிரத்து ஐந்நூறு பேர் அழிந்தனர் என்பர். இருநூற்றைம்பது ஆண்டு அடக்குமுறை அழிக்கமுடியாத மக்களில் பெரும்பகுதியை ஒரு நாள் அழித்தது.

தைத்து முடியாத சட்டை

போருக்குப்பின் எழுந்த எழுத்தாளருள் என்டோ ஷூசாக்கு கத்தோலிக்கர். தாயின் விருப்பால் பள்ளிப்பருவத்தில் திருமுழுக்குப் பெற்ற அவர், கிறிஸ்தவ மறையைத் தம் உடலுக்குப் பொருந்தாத மேலைநாட்டு உடைக்கு ஒப்பிட்டார். அதனைக் களைந்தெறியவும் முடியாமல், தமக்கேற்ற ஜப்பானிய உடையாக மாற்றித் தைப்பதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். 1966-இல் வெளியான 'மௌனம்' என்னும் புதினம், திருவுருவத்தை மிதித்தவர்களின் துயரைப் பேசுகிறது. மறைசாட்சியரின் வீரத்தை மட்டுமே போற்றிய நமக்கு, மிதித்துவிட்டு அழுத உழவரையும் திருச்சபையின் மரபில் சேர்த்துப் பார்க்கக் கற்பித்தவர் அவரே எனலாம். இக்கேள்வி கிறிஸ்தவரோடு நிற்கவில்லை. 1968-இல் நோபல் பரிசு பெற்ற கவாபாட்டா, தம் உரையில் அழகிய ஜப்பானைப் பற்றிப் பேசினார். 1994-இல் அப்பரிசைப் பெற்ற ஓயே கென்சாபுரோவோ, இரு துருவங்களுக்கிடையே பிளவுண்ட ஜப்பானைப் பற்றிப் பேசினார்.

மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவரின் ஊர்களை 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடங்களாக அறிவித்தது. ஒருகாலத்தில் நாட்டின் பகைவர் எனப்பட்டவர் இன்று நாட்டின் பெருமையாயினர். ஜப்பானியரின் பொறுமை, முன்னோர்பற்று, சொல் தவறாமை ஆகிய பண்புகள் உராகாமி உழவரிடம் விளங்கியதுபோல் வேறெங்கு விளங்கின?

மறையையும் மண்ணையும் எதிரெதிரே நிறுத்தி, எது உன்னுடையது என்று நம்மையும் யாரேனும் வினவலாம். சவேரியாரின் கைகளால் திருமுழுக்குப் பெற்றோரின் வழிவந்த நாம் அக்கேள்விக்கு அஞ்சவேண்டுவதில்லை. அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று நம் வீடுகளுக்குள்ளேயே காத்திருக்கிறது. நாளை நம் ஆலயக் கதவுகள் அடைபட்டு, ஏழு தலைமுறைக்குக் குருவே வாராதிருப்பின், நம் பிள்ளைகளின் நெஞ்சில் எது எஞ்சியிருக்கும்? உராகாமித் தாய்மார் அதற்கு விடை வைத்திருந்தனர். அவ்விடையை நாமும் நம் வீட்டு மாலைச் செபத்தில்தான் தேடவேண்டும்.